அரைப்பேரும் அறிவார்ந்த இடைமுகமும்

ஆய்வு யாருக்காக என்னும் வினா பல்கலைக்கழக வட்டாரங்களில் அடிக்கடி எழுப்பப்படுவது. அதேயளவு அடிக்கடி விடையின்றிக் கைவிடப்படுவதுமாகும். வரலாறு, இலக்கியம், சமூகவியல் முதலாய துறைகள் ஒருவாறேனும் அவ்வினாவுக்கு முகங்கொடுக்க வேண்டியிருக்கிறது. கணினி அறிவியலோ தன்னை அவ்வினாவுக்கு அப்பாற்பட்டதாகக் கருதிக்கொள்கிறது. இயந்திரத்துக்குச் சாதியில்லை, வர்க்கமில்லை, ஊரில்லை என்பது அத்துறையினர் பலரின் வாதம். இவ்வாதம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைச் சோதித்தறிவதற்கு, ஹட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களைக் காட்டிலும் பொருத்தமான களம் இந்நாட்டில் வேறில்லை.

இடைமுகம் என்பது மனிதனும் இயந்திரமும் சந்திக்கும் இடம். திரை, விசைப்பலகை, ஒலிவாங்கி, தராசின் முகப்பில் ஒளிரும் இலக்கம் ஆகிய யாவும் இடைமுகங்களே. அவ்விடத்தில் இயந்திரம் மனிதனின் பேச்சை விளங்கிக்கொண்டு, அவன் தேவையை உய்த்துணர்ந்து, தான் எடுத்த முடிவுக்குக் காரணமும் கூறுமாயின் அதனை அறிவார்ந்த பயனர் இடைமுகம் என்பர். இத்துறைக்கெனவே ஏ.சி.எம். எனப்படும் உலகளாவிய கணினியியலாளர் சங்கத்தின் ஆதரவில் ஆண்டுதோறும் மாநாடு நடைபெறுகிறது. 2018 ஆம் ஆண்டு தோக்கியோவிலும், 2019 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்சிலும், 2025 ஆம் ஆண்டு இத்தாலியின் கல்யாரி நகரிலும் அம்மாநாடு கூடியது. அதற்குக் கட்டுரை சமர்ப்பிப்போர், குறித்த நாளுக்குள், குறித்த அமைப்பில், ஆங்கிலத்தில் எழுதி அனுப்புதல் வேண்டும். ஆசிரியரின் பெயர் மறைக்கப்பட்ட நிலையில் நடுவர்கள் கட்டுரையைப் படித்துத் தீர்ப்பளிப்பர். ஆக்கப்பட்ட கருவி உண்மையான பயனர்களைக் கொண்டு சோதிக்கப்பட்டதா என்பது அவர்கள் கேட்கும் முக்கிய வினாக்களுள் ஒன்று. அவ்வினா நியாயமானதே. ஆயின் ‘பயனர்’ என்ற சொல்லினுள் யார் அடங்குவர், யார் அடங்கார் என்பதிலேதான் சிக்கல் தொடங்குகிறது.

மலையகத்துக் கொழுந்தெடுக்கும் பெண்ணும் ஒரு பயனரே. அவள் கணினியின் முன் அமர்ந்ததில்லை எனலாம். ஆனால் கணக்கின் முன் நாள்தோறும் நிற்கிறாள். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் பதியப்படுகிறது. மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த பின், நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை கொழுந்து நிறுக்கப்படுகிறது. படங்குக்கும் கூடைக்கும் ஈரத்துக்கும் எனக் கிலோக்கள் கழிக்கப்படுகின்றன. குறித்த அளவு நிறை சேர்ந்தால் முழுப்பேர், சேராவிட்டால் அரைப்பேர். அரைப்பேர் என்பது அரைநாட் சம்பளம். அன்றைய உழைப்பு முழுநாள் உழைப்பாக இருந்தாலும் ஏட்டில் அது பாதியாகிவிடுகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மலையகத்தின் வாழ்வும் சாவும் இவ்வேட்டோடு பிணைந்துள்ளன. 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் வணிக நோக்கில் தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டு நிறுப்பவர் மாறினர், துரைமார் மாறினர், உடைமையும் மாறியது. 1970 களில் தோட்டங்கள் தேசியமயமாயின. 1992 முதல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இத்தனை மாற்றங்களுக்கும் மாறாதிருந்தது ஒன்று உண்டு. நிறுக்கப்படுபவள் தராசை நோக்கி, “ஏன் குறைந்தது?” என்று கேட்டு விடை பெறும் உரிமை அவளுக்குக் கிட்டவில்லை.

அண்மைக் காலத்தில் சில தோட்டங்களில் மின்னணுத் தராசு புகுந்துள்ளது. கணக்கப்பிள்ளையின் பென்சில் பிழைவிடக்கூடும், இயந்திரம் பிழைவிடாது என்று அதற்கு நியாயம் கூறப்படுகிறது. நிறையைச் சரியாகக் காட்டும் தராசு வரவேற்கத்தக்கதே. அதனை மறுப்பது பழைமைவாதமாகும். எனினும் தராசு காட்டும் நிறைக்கும் சம்பளத்துண்டில் விழும் நிறைக்கும் இடையே நிற்பது கழிவு. எத்தனை கிலோ கழிக்க வேண்டும் என்பதைத் தராசு தீர்மானிப்பதில்லை. அதனை இயக்குவோர் தீர்மானிக்கின்றனர். முன்னர் கணக்கப்பிள்ளையோடு வாதாடலாம். வாதாடியவளுக்கு நீதி கிடைத்தது என்பது இதன் பொருளன்று, வாதாடுவதற்கு எதிரில் ஒரு முகமேனும் இருந்தது. இயந்திரத்தோடு வாதாட இயலாது. இயந்திரம் சொன்னது என்ற ஒரு சொல் எல்லா வினாக்களுக்கும் விடையாகிவிடும் அபாயம் இங்குதான் தோன்றுகிறது.

படிவமும் ஓர் இடைமுகமே என்பதை மலையக மக்களைப்போல் நன்கறிந்தோர் இலர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று காட்டுமாறு கேட்டது. லயத்திற் பிறந்து, மலையில் உழைத்து, அம்மண்ணிலேயே புதைக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடம் அச்சான்று இருக்கவில்லை. உழைப்பைச் செக்ரோல் பதிவு செய்தது. மனிதரை எந்த ஏடும் உரியவாறு பதிவு செய்யவில்லை. விளைவு, பல இலட்சம் மக்கள் நாடற்றோராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே எண்ணிப் பங்கிட்டது. 2003 ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமைக் கதவைத் திறந்தது. படிவம் கேட்ட வினாவுக்குத் தம் வாழ்க்கையில் விடையில்லாமையாலேயே இம்மக்கள் அரைநூற்றாண்டுக்கு மேலாகத் தண்டிக்கப்பட்டனர். அத்தகையோரிடம் புதியதோர் இடைமுகத்தைக் கொண்டு செல்பவர், அது நடுநிலையானது என்று கூறுமுன் இருமுறை சிந்தித்தல் வேண்டும்.

இனி மொழியை நோக்குவோம். தோட்டத்தில் ‘பேர்’ என்பது மனிதனின் பெயரை மட்டும் குறிப்பதன்று. ஒருநாட் சம்பளத்தைக் குறிப்பது. ‘பேர் விழவில்லை’ என்றால் கூலி இல்லை என்பது பொருள். ‘மலைக்குப் போனாள்’ என்றால் வேலைக்குப் போனாள் என்பதே கருத்து. ‘பிரட்டு’ ஆங்கிலப் பரேட் என்ற சொல்லின் திரிபு. ‘லயம்’ லைன் என்பதன் திரிபு. ‘கைக்காசு’ம் ‘கொந்தரப்பு’ம் வெவ்வேறு கூலிமுறைகளைச் சுட்டுவன, அவற்றைப் பிரித்தறியாதவனுக்குத் தோட்டத்தின் கணக்கு விளங்காது. ‘நிரை’ என்பது கொழுந்தெடுப்பவளுக்கு ஒதுக்கப்படும் செடிகளின் வரிசை. ‘நிறை’ என்பது எடை. எழுத்தில் இடையின ரகரமும் வல்லின றகரமும் இவ்விரண்டையும் வேறுபடுத்துகின்றன. விரைந்த பேச்சில் அவ்வேறுபாடு பெரிதும் மறைந்துவிடுகிறது. “என் நிரை குறைஞ்சு போச்சு” என்று ஒருத்தி கூறினால், அவள் முறையிடுவது செடி வரிசையைப் பற்றியா, தராசைப் பற்றியா? பக்கத்து நிரையில் நிற்பவள் கண நேரத்தில் அறிந்துகொள்வாள். நகரத்துத் தமிழையும் ஏட்டுத் தமிழையும் கேட்டுப் பழகிய இயந்திரம் எவ்வாறு அறியும்? ‘அரைப்பேர்’ என்ற சொல்லைக் கேட்டுப் ‘பாதிப் பெயர்’ என்று பொருள்கொள்ளும் கருவியை அறிவார்ந்தது என்று எவ்வாறு அழைப்பது?

தமிழெல்லாம் ஒன்றே, ஒருமுறை தமிழைக் கற்பித்துவிட்டால் எங்கும் செல்லும் என்று கூறுவோர் உளர். மொழிப்பற்றின் பேரால் கூறப்படினும் இது மொழியறியார் கூற்று. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலாய பகுதிகளிலிருந்து வந்தோரின் வழக்குகள் லயங்களிலே கலந்து, சிங்களச் சொற்களையும் தோட்டத்து ஆங்கிலத்தையும் உட்கொண்டு உருவான பேச்சு மலையகத் தமிழ். அதனை யாழ்ப்பாணத் தமிழின் குறைவடிவம் என்றோ, தமிழகத் தமிழின் எச்சம் என்றோ கருதுவது மொழியியல் உண்மைக்கு மாறானது. கருவி ஆக்குவோர் அக்கருத்தை அறியாமலே ஏற்றுக்கொள்ளும்போது, பழைய இழிவு புதிய இயந்திரத்தினுள் குடிபுகுகிறது.

தரவு போதாது, ஆகவே செய்வதற்கில்லை என்பது மற்றொரு சாட்டு. இதற்கு இந்நாட்டு ஆய்வொன்றே மறுமொழி தருகிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிங்களத்திலும் தமிழிலும் வங்கிச் சேவை பற்றிய பேச்சுக் கட்டளைகளை இனங்காணும் முயற்சியில் ஈடுபட்டு, அதன் பேறுகளை 2019 ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரில் நடைபெற்ற கணினி மொழியியல் மாநாட்டின் மாணவர் ஆய்வரங்கிற் சமர்ப்பித்தனர். ஆங்கிலப் பேச்சிற் பழகிய இயந்திரத்தின் திறனைக் கடன்பெற்று, மிகக் குறைந்த ஒலிப்பதிவுகளைக் கொண்டே பயன்தரத்தக்க விளைவைப் பெறலாம் என்பதை அவ்வாய்வு காட்டியது. தமிழுக்குக் கிடைத்த ஒலிப்பதிவுகள் சிங்களத்துக்குக் கிடைத்தவற்றிலும் மிகக் குறைவு என்பது ஈண்டு நோக்கற்பாலது. போற்றத்தக்க முயற்சி அது. அதனைப் போற்றும்போதே அடுத்த வினாவையும் கேட்டாக வேண்டும். வங்கியில் மீதி எவ்வளவு என்று கேட்பவனின் தமிழுக்கு இயலுவது, தன் நாட்கூலி ஏன் பாதியாயிற்று என்று கேட்பவளின் தமிழுக்கு ஏன் இயலாது?

தமிழகத்தில் இவ்வழி ஏலவே நடந்துகாட்டப்பட்டுள்ளது. மடலீன் புளோசே முதலியோர், எழுத்தறிவு குறைந்த தமிழக உழவர்கள் பேச்சின் வாயிலாகப் பயிர், காலநிலை, சந்தை விலை ஆகியவற்றை அறிவதற்கான கருவியொன்றை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு சோதித்து, அதனை 2006 ஆம் ஆண்டு பேர்க்லியில் நடந்த மாநாட்டில் முன்வைத்தனர். சில பத்துச் சொற்களை மட்டும் அறியும் எளிய இயந்திரம் அது. ஆனால் அச்சொற்கள் உழவரின் வாயிலிருந்து பெறப்பட்டவை. அதே மாநாட்டில் பெங்களூரின் ஆய்வாளரான இந்திராணி மேதி முதலியோர், வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கென எழுத்தின்றிப் படங்களாலும் ஒலியாலும் அமைந்த இடைமுகத்தைப் பற்றிக் கட்டுரை சமர்ப்பித்தனர். எழுதப்படிக்க அறியாதவரும் இயந்திரத்தின் எசமானராகலாம் என்பதற்கு அன்றே சான்று கிடைத்துவிட்டது. எனவே மலையகத்தின் குறை தொழில்நுட்பத்தின் இயலாமையால் வந்ததன்று. அக்கறையின் வறுமையால் வந்தது.

வேறொரு மறுப்பும் உண்டு. அது முற்போக்காளரிடமிருந்து வருவதால் சற்றே விரிவாக நோக்கத்தக்கது. கூலி உயர்வும் காணியும் வீடும் இல்லாத மக்களுக்கு இடைமுகம் எதற்கு, வயிறு காய்பவனுக்கு வாசனைத் திரவியமா என்று அவர்கள் கேட்கின்றனர். 2021 ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1000 ரூபாவாவதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது என்பதை எண்ணும்போது அக்கேள்வியின் நியாயம் புரிகிறது. ஆயினும் நிர்ணயிக்கப்பட்ட கூலி கைக்கு வந்துசேரும் வழியிலே நிறையும் கழிவும் பேரும் நிற்கின்றன. ஏட்டில் ஏறாத உயர்வு உயர்வாகாது. கூலிப் போராட்டத்தின் ஒரு களம் பேச்சுவார்த்தை மேசை, மறுகளம் தராசு. தராசு அறிவுள்ளதாகும் காலத்தில், அவ்வறிவு யார் பக்கம் நிற்கும் என்பது கூலிப் பிரச்சினையின்றி வேறென்ன? 2020 ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையவழிப் பாடத்துக்குச் சமிக்ஞை தேடித் தோட்டத்துப் பிள்ளைகள் மலையுச்சி ஏறியதை நாடே கண்டது. வசதி வரும்வரை தொழில்நுட்பம் காத்திருப்பதில்லை என்பதற்கும், காத்திராத தொழில்நுட்பம் ஏழையையே முதலிற் புறந்தள்ளுகிறது என்பதற்கும் அக்காட்சி போதும்.

மலையகத்தை ஆய்வுக்களமாகக் கொள்ளப் புறப்படுவோரும் கண்டனத்துக்கு அப்பாற்பட்டோரல்லர். தோட்டத்தினுள் நுழைவதற்கு அவர்கள் முதலில் நாடுவது துரையின் அனுமதியை. துரை அனுமதித்த பின், கணக்கப்பிள்ளை அழைத்து வந்து நிறுத்தும் பெண்களிடம் சம்மதப் படிவத்தில் ஒப்பம் பெறுவது வழக்கம். கூலி கொடுப்பவன் கண்முன்னே வேண்டாம் என்று சொல்லும் வல்லமை எத்தனை பேருக்கு உண்டு? அவ்வொப்பத்தைச் சம்மதம் என்று மாநாட்டுக்கு எழுதுவது அறிவு நேர்மைக்கு ஏற்றதா? இயந்திரத்தைப் பழக்குவதற்காகப் பதிவு செய்யப்படும் குரல் முறையீட்டுக் குரலாயின், அது நாளை யார் செவிக்குப் போகும் என்ற அச்சம் அவளுக்கு இராதா? இவ்வினாக்களைக் கேளாத ஆய்வு எத்துணைச் செம்மையான புள்ளிவிபரத்தைத் தந்தபோதிலும் அதன் அடித்தளம் உளுத்துப்போனதே.

கொழுந்து மலையிலிருந்து இறங்கி, ஆலையில் வாடி, கொழும்பு ஏலத்தில் விலைபெற்று, உலகச் சந்தையில் சிலோன் தேயிலை என்று பெயர்பெறுகிறது. எடுத்தவளின் பெயர் அதில் இல்லை. குரலும் இவ்வாறே பறிக்கப்பட்டு, தரவென்று பெயர் மாறி, கட்டுரையாகிக் கடல் கடக்கலாம். கட்டுரையில் அவள் ‘பங்கேற்பாளர் 7’ ஆவாள். அடையாளத்தை மறைப்பது அவளுடைய பாதுகாப்புக்கு இன்றியமையாதது. அதனை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் பெயரை மறைப்பது ஒன்று, கருத்தையும் சேர்த்து மறைப்பது வேறொன்று. செக்ரோலில் இலக்கமாயிருப்பவள் மாநாட்டிலும் இலக்கமாகவே இருப்பாளாயின், ஆய்வு அவளுக்குச் செய்த நன்மை யாது? மாநாட்டுப் பதிவுக் கட்டணம் சில நூறு டொலர். 500 டொலர் எனக் கொண்டு, டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 ரூபாவாக 2024 ஆம் ஆண்டு நிலவிய வீதத்திற் கணித்தால் ஒன்றரை இலட்சம் ரூபாவாகும். அவ்வாண்டு நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா நாட்சம்பளப்படி அது 111 நாள் உழைப்பு. அதுவும் ஒருநாளேனும் அரைப்பேர் விழாதிருந்தால்.

சர்வதேச மாநாடு ஆங்கிலத்திலன்றி நடவாது; ஆகவே தமிழில் எழுதுவது வீண் என்பர் சிலர். ஆங்கிலத்தில் எழுதவேண்டாம் என்பது ஈண்டு கோரிக்கையன்று. தமிழிலும் எழுதவேண்டும் என்பதே கோரிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழில் மருத்துவ நூல்களும் வெளியிட்டார். 1997 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் இணைய மாநாடுகளின் வரிசையில் கணினி பற்றிய கட்டுரைகள் தமிழிலேயே வாசிக்கப்பட்டுள்ளன. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. இவ்வளவும் ஆன பின், தமிழ்ப் பயனரைப் பற்றிய ஆய்வு தமிழில் எழுதப்படாதிருப்பது இயலாமையாகாது, விருப்பமின்மையாகும்.

இப்பழி பொறியியற் பீடங்களை மட்டும் சாராது. கலைப்பீடங்களும் தமிழ்த்துறைகளும் தம் கடமையினின்றும் வழுவியுள்ளன. பேராதனையிலிருந்து கூப்பிடு தூரத்திலே தேயிலை மலை தொடங்குகிறது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார், என். எஸ். எம். இராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும் அம்மக்களின் பேச்சைக் கதைகளிற் பதித்தனர். எழுத்தாளர் செய்ததை ஆய்வாளர் தொடர வேண்டாமா? தோட்டத்துத் தொழிற்சொற்களுக்கு முறையான அகராதி, ஒலிப்பு வேறுபாடுகளின் பதிவு, பொருள் வழக்குகளின் விளக்கம் ஆகியன இருந்தால்தானே இயந்திரத்துக்கு எதையாவது கற்பிக்க முடியும்? கணினி தமக்குரியதன்று என்று தமிழ்த்துறையினர் ஒதுங்குவதும், மொழி தமக்குரியதன்று என்று பொறியியலாளர் ஒதுங்குவதும் ஒரே கண்டிப்பான உண்மையை வெளிப்படுத்துகின்றன: இருவருக்கும் இடையே உள்ள வெளியில் நிற்கும் பெண்ணை இருவரும் காணவில்லை.

செய்யவேண்டியவை தெளிவானவை. மலையகப் பயனரைப் பற்றிய ஆய்வுக்குரிய சம்மதம் பிரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் பெறப்படலாகாது. லயத்தில், துரையும் கணக்கப்பிள்ளையும் இல்லாதவிடத்தில், வேண்டாம் என்பதற்கும் இடங்கொடுத்துப் பெறப்படுதல் வேண்டும். கருவியின் சொற்கள் அவர்களுடைய வாயிலிருந்து பெறப்படுதல் வேண்டும். கட்டுரை மாநாட்டுக்குச் சமர்ப்பிக்கப்படுமுன் அதன் தமிழ் வடிவம் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பொகவந்தலாவையிலோ உழைப்பாளர் கூடிய அவையில் வாசிக்கப்பட்டு, அவர்கள் கூறும் மறுப்புகள் கட்டுரையிலேயே இடம்பெறுதல் வேண்டும். சேகரித்த குரல்கள் தனியொருவரின் உடைமையாகாது, அம்மக்களின் இசைவோடு பொதுக் காப்பகத்தில் இருத்தல் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, நிறையையும் கழிவையும் காட்டும் எந்த இயந்திரமும் கேட்பவளுக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டதாதல் வேண்டும்.

இயந்திரம் தன் முடிவுக்கு விளக்கம் தரவேண்டும் என்பது இன்று உலக மாநாடுகளில் பெரிதும் விவாதிக்கப்படும் ஆய்வுப் பொருள். புதிய கண்டுபிடிப்பென அதனைக் கொண்டாடுவோர் அறியாதது ஒன்றுண்டு. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தராசின் முள்ளைப் பார்த்து நின்ற மலையகப் பெண் அவ்விளக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறாள். அவ்வாய்வுப் பொருளின் முதலாசிரியை அவளே. அவளை மேற்கோளாகக்கூடக் காட்டாத கட்டுரையை உலகின் எந்த நடுவர் குழு ஏற்றுக்கொண்டாலும், மலையகத்தின் கணக்கில் அதற்கு விழுவது அரைப்பேரே.